பட்டுச்சேலையோடு வெளிக்கிட்ட அம்மா

போன மாதம் ஈழத்துச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். மூன்றாம் பக்கத்திலேயே ஓர் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு 'வெளிக்கிடுகிறார்'. எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் வெளிக்குப் போவதென்றால் விடியற்காலையில் சொம்போடு காட்டுப் பக்கம் ஒதுங்குவது. பட்டுச்சேலையோடா? கைபேசியில் இருந்த அகராதிச் செயலி 'சொல் இல்லை' என்று கைவிரித்துவிட்டது.

அப்புறம்தான் அலமாரியிலிருந்து 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யை இறக்கினேன். 1992இல் முதல் பதிப்பு, 2008இல் விரிவாக்கிய பதிப்பு, 2020இல் மூன்றாவது. என்னிடம் இருப்பது 2008. இத்தனை வருடமும் ற, ர சந்தேகத்துக்கு மட்டும்தான் அதைத் திறந்திருக்கிறேன். வெளிக்கிடு என்றால் புறப்படு. அப்பாடா! இலங்கை வழக்குச் சொற்களுக்கு அதில் தனிக் குறி போட்டிருக்கிறார்கள் என்பதையே அன்றுதான் கவனித்தேன்.

ஆனால் எடுத்த எடுப்பில் அகராதியைப் புரட்டினால் கதை ஓடாது. தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, தோன்றிய பொருளையும் எழுதிவிடுவேன். கதை முடிந்த பிறகே சரிபார்ப்பது. 'கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்' என்ற இடத்தில் முதலில் நெற்கதிர்தான் நினைவுக்கு வந்தது. இழுத்துப் போட்டு அதில் இருக்கவும் முடிகிறதென்றால் நாற்காலிதானே, சரி. 'படலை'க்கு எங்கள் ஆட்டுப்பட்டிப் படல் கைகொடுத்தது, வேலி வாசல் கதவுதான். 'ஒழுங்கை'யில்தான் மண்ணைக் கவ்வினேன். ஒரு பையன் 'ஒழுங்கையால்' சைக்கிளில் வருகிறான். ஒழுங்காக வருகிறான் போல என்று நாலு பக்கம் அவனை நல்லவனாகவே நம்பிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை என்றால் சந்தாம்!

தமிழில் விளக்கம், ஆங்கிலத்தில் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் என்று தருகிறார்கள். எனக்கு வாக்கியம்தான் உயிர். சொல் யார் வாயில் எப்படி வரும் என்பது அதில்தான் பிடிபடுகிறது. ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்: 'கதைத்துக்கொண்டு' என்று தேடினால் கிடைக்காது, 'கதை'க்குப் போக வேண்டும். அங்கே பெயர்ச்சொல் தனி, வினைச்சொல் தனி.

பெயரிலேயே 'தற்கால' இருப்பதால் சங்கப் பாடலோடு இதன் முன்னால் போய் உட்காராதீர்கள். அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சொல் பிறந்த கதையும் அதில் கிடைக்கும். கதிரை போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்.

படுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு க்ரியா தோதுப்படாது, நல்ல கனம். மேசை வேண்டும்.

பதினொரு புள்ளிகளில் ஏழு சரி. செயலியை நீக்கிவிட்டேன். ஒழுங்கையால் போய்ப் பால் வாங்கி வாருங்கள் என்றால், 'என்றைக்கு நான் ஒழுங்கில்லாமல் போனேன்?' என்கிறார் வீட்டுக்காரர்.