இரண்டிலிருந்து மூன்றுக்கு: உப்புக்காற்றில் ஓர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்

தொண்டியில் இருக்கும் அக்கா மகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "மாமா, உங்களிடம் இருக்கும் அதே மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டான். அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏழு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் 2012ஆம் ஆண்டு டீசல் எஸ்யூவி அது. ஐந்து கியர், எஞ்சினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். எஞ்சினைப் பற்றியோ இருக்கையைப் பற்றியோ ஏசியைப் பற்றியோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் அந்த ஒரு நொடியைப் பற்றித்தான்.

மூன்றாண்டுகளுக்கு முன் தொடங்கியது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயரும், வண்டி இழுக்காது, பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் கியர் விழும். ஒரு நாள் வரும், நான்கு நாள் வராது. கார்த்திகை மாதத்து மழை இரவு ஒன்றில், குடும்பத்தோடு இராமேசுவரத்திலிருந்து திரும்பும்போது, பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் மேடு ஏறும் இடத்தில் ஓர் உதை உதைத்துவிட்டு மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டது. லிம்ப் மோடு என்பார்கள். கோளாறு தெரிந்தால் கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே கியரில் ஒதுங்கிவிடும். மூன்றாம் கியரில் நின்ற நிலையிலிருந்து மேட்டில் கிளம்புவது எவ்வளவு கடினம் என்பதும், பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதும் அன்று தெரிந்தது. மண்டபம் பக்கம் இறங்கி ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துக் கிளப்பினால் எதுவுமே நடக்காததுபோல் ஓடியது.

இந்த ஒரு செய்தியிலேயே பாதி விடை இருந்தது என்று இப்போது தெரிகிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால் ஆயில் சூடேறச் சூடேற வழுக்கல் கூடிக்கொண்டே போகும், ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடிக்கும், சாவியைத் திருப்பிப் போட்டதும் குணமாகாது. என் வண்டியில் வடித்த ஆயில் சற்று மங்கிய சிவப்பாகவே இருந்தது, தீய்ந்த வாடை இல்லை, உலோகத் துகளைப் பிடிக்க அடித்தட்டில் வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டுமே படிந்திருந்தது. இந்த வயது வண்டிக்கு அது இயல்பானது. சாவியைத் திருப்பினால் சரியாகும் கோளாறு பெரும்பாலும் மின்சாரக் கோளாறு.

ஆனால் மதுரையில் நான் விட்ட பட்டறையில் ஸ்கேனர் காட்டியதோடு நின்றுவிட்டார்கள். பி0700, பி0720 என்று இரண்டு குறியீடுகள் வந்தன. முதலாவது, கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏதோ குறை பதிவாகியிருக்கிறது என்று மட்டும் சொல்வது. இரண்டாவது, கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் குறை என்பது. 'சுற்றில்' என்பதே முக்கியமான சொல்; சென்சார், ஒயர், கனெக்டர், வண்டியின் உடம்பு வழியாக மின்சாரம் திரும்பும் எர்த் இணைப்பு எல்லாம் அதில் அடங்கும். அவர்கள் சென்சாரை மட்டும் மாற்றி 6,500 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாள் ஓடியது. அடுத்து, கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியைச் சுத்தம் செய்தார்கள். அதற்கடுத்து, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க 1,60,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நியாயமாகப் பார்த்தால், கருவி சொன்னதைக் கேட்டு வேலை செய்தவர்கள்தான். ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கேட்பதற்கு முன் வோல்ட்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லையே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

வண்டியைத் திரும்ப எடுத்துவந்து, இராமநாதபுரத்தில் விசைப்படகுகளுக்கும் ஒயரிங் வேலை பார்க்கும் ஓர் எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. "அண்ணே, இது ராத்திரியில் அதிகமா வருதா, பகலில் அதிகமா வருதா?" என்றுதான் முதலில் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். உதை வாங்கிய நாள்களில் பெரும்பாலானவை ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்து ஓடிய இரவுகள். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கையும் ஏசி காற்றாடியையும் முழுதாகப் போடச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையைக் கியர்பாக்ஸின் உடம்பிலும் வைத்தார். 0.9 வோல்ட் காட்டியது. விளக்கை அணைக்க அணைக்க எண் இறங்கியது. நல்ல எர்த்தில் இது 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

சக்கரத்தை ஒட்டிய உறைக்குப் பின்னால், கியர்பாக்ஸின் அடிப்பக்கத்தில், வண்டியின் உடம்பையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை ஒன்று இருந்தது. வெளியே கறுப்பு உறை பளபளவென்று நன்றாகத்தான் தெரிந்தது. அவர் அதை விரலால் மெல்ல வளைத்தார். உள்ளிருந்து பச்சைத் தூள் கொட்டியது. செம்பில் களிம்பேறி, பத்தில் ஏழெட்டு இழைகள் அற்றுப்போயிருந்தன. பக்கத்திலேயே இருந்த கியர்பாக்ஸ் கனெக்டரைக் கழற்றியபோது, அதன் பின்களிலும் அதே பச்சை. விளக்குக்கும் ஏசிக்கும் ஓடும் மின்சாரம், எஞ்சினோடு பொருத்தியிருக்கும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப அந்தப் பட்டைதான் வழி. வழி அடைபட்டதும் எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையே வோல்ட்டேஜ் வேறுபாடு எழுந்து, சென்சார் அனுப்பும் செய்தி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தவறாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேகத்தைத் தவறாக எண்ணிக்கொண்ட பெட்டி, கியரைத் தவறான நேரத்தில் போட்டிருக்கிறது. புதிய பட்டை, பின்களைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ், கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிந்திருந்த பழைய கியர் பழக்கத்தை அழித்து மீண்டும் கற்றுக்கொள்ளவைத்தது எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். அளந்து பார்த்தால் 0.04 வோல்ட். பதினான்கு மாதமாக ஓர் உதை இல்லை.

எங்கள் வீடு உச்சிப்புளியில். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்போடுதான் அடிக்கும். உலோக அரிப்பை ஆராயக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் களம் வைத்திருக்கிறது என்றால், இந்தக் காற்றுக்கு வேறு சான்று தேவையில்லை. இப்படிப்பட்ட கரைகளிலும் விற்கப்படும் வண்டியில், கியர்பாக்ஸின் உயிர்நாடியான பட்டையைச் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீருக்கு நேரே வைத்ததையும், சர்வீஸ் அட்டவணையில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கியர்பாக்ஸ் மட்டும் அருமையானது. விடுமுறை நாளில் பாலத்தில் நின்று நின்று ஊரும் நெரிசலில், எப்போது முதலிலிருந்து இரண்டுக்குப் போனது என்பது காலுக்குத் தெரியாது. தனுஷ்கோடிச் சாலையில் ஒரே சீராக ஓடும்போது அதன் அமைதிக்கு ஈடில்லை. நான் இதை விற்கப்போவதில்லை. ஆனாலும் மருமகனிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாலத்து நடுவில் பின்னிருக்கையில் என் மகள் அழுத அந்த இரவு அக்கா குடும்பத்துக்கு வரக்கூடாது.

அவன் கேட்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகிறானாம். பகலில் போனாலும் ஹெட்லைட்டையும் ஏசியையும் முழுதாகப் போட்டு அளக்கச் சொல்லி, என் மல்டிமீட்டரைத் தொண்டி பேருந்தில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.