பத்தொன்பது வருஷ பிராட்பேண்ட்: அப்லோடு எவ்வளவு என்று கேளுங்கள்

தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே இணையம் தரும் டிஎஸ்எல் இருந்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம். அன்றைக்கு எடிட் செய்த வீடியோவை அப்லோடு போட்டுவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். கோப்பு 4 ஜிபி, ஏறும் வேகம் 1 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு ஒரு மெகாபிட். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். காலையில் மானிட்டரைப் போட்டால் 91 சதவீதத்தில் அறுந்து கிடக்கும். மறுபடி முதலிலிருந்து. 'இன்று மாலைக்குள் வந்துவிடும்' என்று வாடிக்கையாளருக்கு மெயில் எழுதி எழுதி, அந்த வரியைக் கை தானாகவே தட்டும் அளவுக்குப் பழகிவிட்டது.

2006-இல் டிஎஸ்எல், 2017-இல் கண்ணாடி இழையில் ஒளியாகத் தகவல் வரும் ஃபைபர். நடுவில் என் டிஎஸ்எல் பிளானை இரண்டு முறை 'மேம்படுத்தினார்கள்'. இரண்டு முறையும் டவுன்லோடு மட்டும் ஏறியது. அப்லோடு அதே 1. இது அந்த நிறுவனத்தின் கஞ்சத்தனம் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கொள்கை ஆவணங்களைப் புரட்ட ஆரம்பித்தபோதுதான் விஷயம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

வீடுகளுக்குப் பரவலாகக் கொடுத்த டிஎஸ்எல் வகை ஏடிஎஸ்எல். அந்தப் பெயரின் முதல் எழுத்தே 'சமமற்ற' என்பதற்குத்தான். செம்புக் கம்பியில் கிடைத்த அலைவரிசையில் பெரும்பங்கு இறக்குவதற்கு, மிச்சம் ஏற்றுவதற்கு. வீட்டில் இருப்பவர் பார்ப்பார், படிப்பார், வாங்குவார்; அனுப்புவதற்கு அவரிடம் என்ன இருக்கப் போகிறது என்ற கணிப்பு. அரசு வரையறைகளும் அதே பக்கம்தான் சாய்ந்தன. பிராட்பேண்ட் என்றால் 25 எம்பிபிஎஸ் இறங்க வேண்டும், 3 ஏற வேண்டும் என்று அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2015-இல் சொன்னது. அதை 100-க்கு 20 என்று உயர்த்தியது 2024 மார்ச்சில். இடையில் பெருந்தொற்று வந்து, ஊரையே வீடியோ காலில் உட்கார வைத்துவிட்டுப் போயே போய்விட்டது.

வெறும் எண்தானே என்று விட முடியாது. எந்தப் பகுதிக்கு மானியம் என்று முடிவு செய்ய இந்த மாதிரி எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணைத் தொட்டுவிட்டால் 'சேவை உள்ள பகுதி', அவ்வளவுதான். அதிலும் அமெரிக்காவில் வெகுகாலம் வினோதமான கணக்கு ஒன்று இருந்தது: மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதியான ஒரு சென்சஸ் பிளாக்கில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தாலும் பிளாக் முழுவதற்கும் சேவை உண்டு என்று எழுதிக்கொள்வார்கள். கட்டடம் கட்டடமாகக் குறிக்கும் வரைபடம் 2022 நவம்பரில்தான் வந்தது. இதே ஆவணங்களில் 'புத்தாக்கம்', 'வீட்டிலிருந்தே தொழில்' என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவன் பொருளை வெளியே அனுப்ப வேண்டாமா? எந்த வழியாக அனுப்புவான்?

சரி, ஃபைபர். முதல் நாள் அதே 4 ஜிபி கோப்பு பதினோரு நிமிஷத்தில் ஏறியது. நம்பாமல் இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. 2009-இல் அறிவித்த தேசிய பிராட்பேண்ட் திட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு நேராக ஃபைபர் என்றார்கள். 2013-இல் ஆட்சி மாறியதும், செலவைக் குறைக்க, பல இடங்களில் தெருமுனை வரை ஃபைபர், அங்கிருந்து பழைய செம்பு என்று மாற்றினார்கள். 2020-இல் அந்தச் செம்பு வீடுகளையே ஃபைபருக்கு மாற்றப் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. செம்பை வைத்து ஒப்பேற்றிய பதினோரு வருஷத்தை நானும் கழித்தவன்தான். அந்தச் சிக்கனத்தில் எனக்கு மரியாதை இல்லை.

ஆனால் ஃபைபரும் மாயம் இல்லை. ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில், அந்த இழையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் இறங்கும், அதில் பாதி ஏறும். அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே நெரிசல் இல்லாவிட்டாலும் அதற்கு மேலே, நிறுவனத்தின் இணைப்பில் இருக்கலாம். என் வீட்டில் காலை ஆறு மணிக்கு வரும் வேகம் இரவு ஒன்பதுக்கு வருவதில்லை. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வேக விதிமுறை. அதில் கையெழுத்திட்ட நிறுவனம் இரவு 8 முதல் 10 வரை எதிர்பார்க்கக்கூடிய வேகத்தை விற்கும்போதே சொல்ல வேண்டும். உறுதி சொன்ன குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போய், 30 நாளில் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளர் அபராதம் கட்டாமல் விலகலாம். பயனரின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய விதி.

பழுது விஷயம் தனி. ஃபைபர் வந்த எட்டு வருஷத்தில் நான்கு முறை, இழை வீட்டுக்குள் வந்து சேரும் அந்தச் சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. அது சிமிட்டினால் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, இழையில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். நான்கில் மூன்று முறை காரணம் ஒன்றுதான்: வேறு எதற்கோ சாலையைத் தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். ஒரு முறை ஆறு நாள். மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு எல்லாரும் தோண்டும் வேலையை ஒருங்கிணைத்து, குழாய்களைப் பகிர்ந்துகொள்ள வழி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-இலேயே ஓர் உத்தரவு போட்டது. செலவைக் குறைப்பதற்காகப் போட்டது. ஆறு நாள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கோப்பு ஏற்றியவன் அதை வேறு கண்ணோடு படிப்பான்.

போன மாதம் பிளானைப் புதுப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தது. டவுன்லோடு இரட்டிப்பாகும் என்றார் அந்தப் பெண். அப்லோடு என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. "அது ஸ்கிரீன்லயே இல்லையே சார்" என்றார்.