ஷாஃப்ட் வண்டியைச் சாப்பராக்கிய சுங்கை சிப்புட் பட்டறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், லிந்தாங் செல்லும் வழியில், தோட்டத்து டிராக்டர்களையும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளையும் பழுது பார்த்து வந்த ஒரு பட்டறை, சில ஆண்டுகளாகப் பழைய மோட்டார் சைக்கிள்களை உருமாற்றும் வேலையையும் எடுத்துச் செய்கிறது. என்னுடைய ஹோண்டா சிஎக்ஸ் 500 வண்டியைச் சாப்பராக, அதாவது முன்பக்கம் நீண்டு சாய்ந்து பின்புறம் தாழ்ந்த வண்டியாக, மாற்றித் தரும்படி அங்கே விட்டேன். மூன்று மாதம் என்றார்கள், எட்டு மாதம் ஆயிற்று. கூலியும் உதிரிப் பொருளுமாக 9,400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். குறைகளையும் எழுதப் போவதால் பட்டறையின் பெயரை இங்கே சொல்லவில்லை.

முதலில், இவ்வேலை ஏன் சாதாரண வேலையன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். செயின் வண்டியில் பின்சக்கரத்தை ஒரு சாண் பின்னால் தள்ள விரும்பினால், சட்டத்தை நீட்டிச் செயினில் சில கண்ணிகளைக் கூட்டினால் போதும். டயர் அகலமானால் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சற்று வெளியே நகர்த்தலாம். ஓட்டம் மந்தமானால் பல் எண்ணிக்கையை மாற்றலாம். செயினுக்குப் பதிலாகச் சுழலும் இரும்புத் தண்டால் (ஷாஃப்ட்) பின்சக்கரத்தை ஓட்டும் வண்டியில் இம்மூன்றும் எளிதில் ஆகாது. 1978இல் வெளிவந்த சிஎக்ஸ் 500 வண்டியில், 80 பாகை விரிந்த வி வடிவ என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் முன்பின்னாகக் கிடக்கிறது. அதிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் ஷாஃப்ட், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கவையான ஸ்விங் ஆர்மின் ஒரு கால் குழாய்க்குள்ளேயே சுழல்கிறது. அந்தக் குழாயை நீட்டினால் உள்ளிருக்கும் ஷாஃப்டையும் நீட்ட வேண்டும். இரண்டும் இம்மியும் கோணாமல் ஒரே நேர்கோட்டில் நிற்கவும் வேண்டும்.

நான் கேட்டது அதைத்தான்: ஷாஃப்டை 15 சென்டிமீட்டர் நீட்டி, அதிர்வைத் தாங்கும் பின் ஷாக்குகளை எடுத்துவிட்டு, பின்பகுதியை அசையாச் சட்டமாகப் பற்றவைக்க வேண்டும் என்றேன். பட்டறையின் மூத்தவர் மறுத்துவிட்டார். “லோரிக்கு ஷாஃப்ட் வெட்டி, நீட்டி, சமன் பார்த்து எத்தனையோ கொடுத்திருக்கிறேன், தம்பி. அது உடைந்தால் லோரி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். இது உடைந்து பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் நீங்கள் எங்கே கிடப்பீர்கள்?” என்றார். வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் தலையாட்டி வாங்கிக்கொண்டு வெட்டத் தொடங்கும் பட்டறைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

அசையாச் சட்டத்தைப் பற்றி அவர் வாதிடவில்லை. ஷாக்குகளைக் கழற்றி, அவற்றின் இடத்தில் இரண்டு இரும்புத் தண்டுகளைப் பூட்டி, அருகிலுள்ள லாசா வரை ஒரு முறை போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். தோட்டத்து லோரிகள் உழுது போட்ட அந்தச் சாலையில் போய்த் திரும்பியதும், ஷாக்குகளையே மீண்டும் மாட்டச் சொன்னேன். பின்புறத்தைத் தாழ்த்தியதிலும் அவருடைய கவனம் தெரிந்தது. ஷாஃப்டை மடங்கவிடும் மூட்டான யூ ஜாயின்ட் ஸ்விங் ஆர்மின் அச்சிலேயே இருக்கிறது; அது மடங்கிய நிலையில் சுழலும்போது ஷாஃப்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குகிறது, மடிப்புக் கூடக் கூட அந்த அதிர்வும் தேய்மானமும் கூடுகின்றன. ஆகவே, ஆள் உட்கார்ந்த நிலையில் ஜாயின்ட் ஏறத்தாழ நேராக நிற்கும் உயரம் எதுவோ அதற்கேற்ற ஷாக்குகளையே தேர்ந்தெடுத்தார். பின்சக்கரத்துக்கு, இதே வண்டியின் கஸ்டம் வகையில் வந்த 16 அங்குலச் சக்கரத்தைப் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து தேடிக் கொண்டுவந்தார்கள். எட்டு மாதத்தில் இரண்டு மாதம் அந்தத் தேடலுக்கே போயிற்று. அதற்காக நான் குறை சொல்ல மாட்டேன்.

முன்புற வேலைதான் இவ்வண்டியின் அழகு. கைப்பிடியின் தண்டு திரும்பும் இடமான சட்டத்தின் தலைக் குழாயை வெட்டிச் சாய்ப்பதே வழக்கம்; ஆனால் சேசிஸ் எண் பொறித்திருப்பதும் அங்கேதான். அதில் கை வைத்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராணுக்கே சிக்கல் வரும். எனவே குழாயைத் தொடாமல், முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கை 4 பாகை கூடுதலாகச் சாய்த்துப் பிடிக்கும் கிளாம்புகளைக் கடைந்தார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. கைப்பிடி திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமே ட்ரெயில். இத்தகைய கிளாம்பு டயரை முன்னே தள்ளி அத்தூரத்தைக் குறைத்துவிடும். மிகவும் குறைந்தால் வேகத்தில் கைப்பிடி உதறும். 100 மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ள ஃபோர்க் குழாய்களைப் பூட்டி, வண்டியின் முகத்தைச் சற்று உயர்த்தி, அச்சையும் பின்னே சாய்த்ததன் மூலம் இழந்த ட்ரெயிலை அவர்கள் மீட்டார்கள். இக்கணக்கை அவர்கள் கணினியில் போடவில்லை. பட்டறையின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் முழு அளவுப் படமாகவே வரைந்து பார்த்தார்கள். அதை மிதிக்கப் போன என்னைப் பட்டறைப் பையன் ஒருவன் அதட்டியதும் நினைவிருக்கிறது.

என்ஜின் இறங்கியிருந்தபோதே தண்ணீர்ப் பம்பின் சீல், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர், என்ஜினுக்குள் ஓடும் கேம் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் மூன்றையும் மாற்றினார்கள். முதலிரண்டும் என்ஜினின் பின்மூடிக்குள் இருப்பதால், என்ஜினை இறக்காமல் அவற்றைத் தொட முடியாது. சிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் இம்மூன்றையும் சேர்த்து ‘டிரிபிள் பைபாஸ்’ என்று அழைப்பது சும்மா இல்லை. ஷாஃப்ட் கோத்து நிற்கும் ஸ்ப்லைன் பற்களுக்கு மொலிப்டினம் கலந்த பசையைப் பூசிய பிறகே பூட்டினார்கள்.

வயரிங் வேலையைப் பற்றி இப்படி எழுத முடியவில்லை. வயர்களையெல்லாம் இருக்கைக்கு அடியில் ஒரே கட்டாகச் சுருட்டி டேப் சுற்றியிருந்தார்கள். முதல் மழையிலேயே பிரேக் விளக்கு அணைந்தது. இரண்டு முறை திருப்பிக் கொண்டுபோன பிறகே சரியாயிற்று, அதற்குத் தனியாகக் காசு கேட்காதது ஆறுதல். ரேடியேட்டர் முன்னால் பெட்டி போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை மறைக்க வழி சொல்லுங்கள் என்றால் சிரிக்கிறார்கள். பெயிண்டு பரவாயில்லை. செய்த மாற்றங்களைத் தனித்தனியாக எழுதிய பில் ஒன்றை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இலாகாவின் அனுமதிக்கு அது தேவை என்பதை வண்டியை விடும் நாளிலேயே சொல்லி வையுங்கள்.

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் இரண்டு முறை ஓட்டிவிட்டேன். நேர்ப்பாதையில் கைப்பிடி ஆடாமல் நிற்கிறது. கூரிய வளைவுகளில் மட்டும் முன்சக்கரம் உள்பக்கம் சாய்ந்து விழப் பார்க்கிறது, கையால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஷாஃப்ட் பக்கத்திலிருந்து சத்தமோ அதிர்வோ இல்லை. பழைய கிளாம்புகளையும் ஃபோர்க் குழாய்களையும் 18 அங்குலப் பின்சக்கரத்தையும் ஒரு கோணிச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றை ஒரே நாளில் திரும்பப் பூட்டிவிடலாம் என்று மூத்தவர் சொன்னார்.