எண்ணா, எண்ணிக்கையா?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், வேலைதான் வேறு. 7 என்பது எண். கூடையில் 7 பழங்கள் இருந்தால், அந்த 7தான் பழங்களின் எண்ணிக்கை. தொலைபேசி எண், கதவு எண் எல்லாம் அடையாளம் மட்டுமே. அவற்றைக் கூட்டிப் பார்த்து யாருக்கும் பயனில்லை. எண்ணிக்கையோ எண்ணி முடித்தபின் கிடைப்பது. வாக்கு எண்ணிக்கை என்னும்போது எண்ணும் செயலையும் குறிக்கும். அதன் எல்லை பெரும்பாலும் அவ்வளவுதான்.

எண் அப்படியல்ல. இலக்கணத்தில் ஒருமை, பன்மைப் பாகுபாட்டுக்கு எண் என்றே பெயர். 392ஆம் குறளில் அது கணக்கு என்ற கலையையே குறிக்கிறது. எண்திசை, எண்கோணம் ஆகியவற்றில் எண் என்றால் 8. அப்புறம், எண்ணுதல் என்றால் நினைத்தலும்கூட. எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது.

எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்: 'வந்தவர்களின் எண் 50' தவறு, அங்கே எண்ணிக்கைதான் சரி.