தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்குப் பெங்களூரில் அரிசி கிடைக்குமா?

பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) கார்டு என்றால் கிடைக்கும். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றால் கிடைக்காது. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து பெங்களூரில் தங்கியிருக்கும் குடும்பங்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, வெறும் பையோடு திரும்புவதற்கு அடிக்கடி இந்த ஓர் எழுத்துதான் காரணம். அதனால் கிளம்பும் முன் ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தைப் பாருங்கள், அங்கேயே அச்சாகியிருக்கும்.

தமிழ்நாட்டில் இரண்டு கார்டுக்கும் இலவச அரிசி வருவதால் ஊரில் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் வேறு மாநிலத்தில் ரேஷன் வாங்க வழிசெய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுகளுக்கு மட்டும்தான். என்.பி.எச்.எச். கார்டுக்கு மாநில அரசு தன் செலவில் கொடுக்கிற அரிசி ஓசூர் எல்லையோடு நின்றுவிடும். ஊரில் 30 ரூபாய்க்கு வாங்கும் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் பி.எச்.எச். கார்டுக்குக்கூட இங்கே இல்லை. கர்நாடக அரசு தன் கார்டுகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதையும் கேட்க முடியாது. பி.எச்.எச். கார்டுக்கு இங்கே கிடைப்பது ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா கார்டு என்றால் குடும்பத்துக்கு மொத்தமாக 35 கிலோ. காசு கொடுக்க வேண்டியதில்லை. நாலு பேர் கார்டுக்கு 20 கிலோ என்பது வாடகை வீட்டுக் குடும்பத்துக்குச் சின்ன உதவியல்ல.

எந்த நியாயவிலைக் கடைக்கும் போகலாம். "நம்து தமிழ்நாடு கார்டு, அக்கி கொடி" என்று கன்னடத்தில் கேட்டால் போதும். கார்டு நம்பரோ ஆதார் நம்பரோ சொல்லி, கார்டில் பெயர் உள்ள யாராவது ஒருவர் விரல் வைக்க வேண்டும். எல்லாரும் போக வேண்டியதில்லை.

பெரிய சிக்கல் விரலில்தான். சிமென்ட் கலவையில் வேலை செய்பவருக்கு ரேகை தேய்ந்து, தோல் வெடித்திருக்கும். மெஷின் மூன்று நான்கு முறை மறுத்ததும் கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். மெஷின் கண்ணாடியையும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் ஏறாவிட்டால் பத்து விரலையும் வைத்துப் பார்க்கும்வரை நகர வேண்டாம். கலவை வேலைக்குப் போகாத ஒருவரை அனுப்புவது இதைவிடச் சுலபம். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அவர்கள் விரலும் ஏறாது. குடும்பத்தில் யாருக்காவது இ-கேஒய்சி (ஆதார் கைரேகையால் ஆளை உறுதிசெய்வது) பாக்கி இருந்தால் அதற்காக ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, இங்குள்ள ரேஷன் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

விரல் ஏறியும் இருப்பு பூஜ்யம் என்று காட்டினால், ஊரில் அந்த மாத அரிசிக்கு ஏற்கெனவே பில் போட்டாயிற்று என்று அர்த்தம். வீட்டில் பெரியவர்கள் வாங்கியிருக்கலாம், வாங்காமலே பில் விழுந்தும் இருக்கலாம். பதிவான செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊரில் பாதி, இங்கே பாதி என்று பிரித்து வாங்கவும் திட்டத்தில் இடமுண்டு. அதனால் எத்தனை கிலோ வேண்டும் என்பதை விரல் வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"ஸ்டாக் இல்லை" என்ற பதில் மாதக் கடைசியில் அதிகம் வரும். கடைக்கு வரும் மூட்டை அந்தக் கடைக் கார்டுகளின் கணக்குப்படி வருவதால், வெளியூர் கார்டுக்குக் கொடுத்தால் தன் ஆட்களுக்குக் குறையுமோ என்று கடைக்காரர் தயங்குகிறார். மாதத்தின் முதல் பாதியில் போவது நல்லது. கார்டே செல்லாது என்று சொன்னால் கடை வாசலிலிருந்தே இந்தத் திட்டத்தின் உதவி எண் 14445-க்குப் பேசுங்கள். பில்லைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எடையையும் தராசையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்.பி.எச்.எச். காரர்கள் தமிழ்நாட்டுக் கார்டை ஒப்படைத்துவிட்டு இங்கே பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) கார்டு எடுக்கலாமா? அவசரப்பட வேண்டாம். பொங்கல் பரிசும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் அந்தக் கார்டை வைத்துத்தான். ஒரே ஆள் இரண்டு கார்டில் இருந்தால் ஆதாரில் மாட்டிக்கொள்ளும். இங்கேயே நிலைத்துவிட்ட குடும்பத்துக்கு மட்டும் அது சரி.

கார்டே வேண்டாத இடம் கர்நாடக அரசின் மலிவு விலை உணவகமான இந்திரா கேன்டீன். 2017 ஆகஸ்டில் தொடங்கியது. காலையில் 5 ரூபாய், மதியமும் இரவும் 10 ரூபாய். யார் எவர் என்று கேட்பதில்லை, டோக்கன் வாங்கி நின்றபடி சாப்பிடலாம். தனியாகத் தங்கி வேலை செய்பவருக்கு இதைவிட மலிவாக வயிறு நிறையாது. கைக்குழந்தையோடு குடும்பமாக மூன்று வேளையும் இதையே நம்ப முடியாது. தட்டுகள் அளவோடுதான் வரும், தாமதித்தால் தீர்ந்துவிடும். கவுன்டர் திறக்கும்போதே நிற்பவருக்குத்தான் சாம்பார் சாதம் நிச்சயம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பக்கத்து அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் மாத்ருபூர்ணா திட்டத்தில் மதியச் சாப்பாடு உண்டு. தாய் அட்டையையும் (கர்ப்பத்தைப் பதியும்போது தருவது) ஆதாரையும் கையோடு எடுத்துப் போங்கள்.