இத்தாலியில் வாடகைக் கார் எடுக்கப் போகிறீர்களா? 1,240 யூரோவைப் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

ஒன்பது நாள்களுக்கு முன்பு என் கடனட்டையிலிருந்து 1,240 யூரோ எடுக்கப்பட்டது. வங்கி தன் பங்குக்குப் போட்டுக்கொள்ளும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்தால் நம் பணத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குச் சற்று மேல் வருகிறது. அன்றிலிருந்து நேற்றிரவு வரை அனுப்பிய பதினான்கு மின்னஞ்சல்களுக்கும் பேசிய ஆறு தொலைபேசி அழைப்புகளுக்கும் கிடைத்த இறுதி விடை, "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்ற ஒரே வரி. அந்த வரியைப் படித்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே சொல்லும் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் பல ஆண்டுகளாகச் சேமித்துப் போன பயணம் அது. மிலன் அருகே மல்பென்சா விமான நிலையத்தில் காரை எடுத்து, கோமோ ஏரிக்கரை ஊர்களில் மூன்று நாள், பிறகு தெற்கே இறங்கி லிகூரியக் கடற்கரைச் சிற்றூர்களில் நான்கு நாள், மறுபடியும் மல்பென்சாவிலேயே காரை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவது என்பது திட்டம். பல வாடகை நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் ஓர் இடைத்தரகு வலைத்தளத்தின் வழியாகப் பதிவு செய்தேன். அதன் பெயரையோ, கார் கொடுத்த நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை, ஏனெனில் வங்கியில் தகராறு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பதிவின்போதே நாளொன்றுக்கு 9 யூரோ வீதம் ஏழு நாளைக்கு 63 யூரோ கட்டி அந்த வலைத்தளத்தின் "முழுப் பாதுகாப்பு" என்ற காப்பீட்டையும் வாங்கினேன். முழு என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் என்ன பொருள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நம்பிய கணத்தைச் சொல்கிறேன், ஏனெனில் ஏமாந்தது அங்கேதான். இத்தாலிய வாடகைக் கவுண்டர்களில் மேற்காப்பீட்டை எடுக்கச் சொல்லி நச்சரிப்பார்கள் என்று நிறையப் படித்துவிட்டுச் சண்டைக்குத் தயாரான மனத்தோடுதான் போய் நின்றேன். ஆனால் கவுண்டரில் இருந்த இளைஞர், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, என் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் புரட்டிப் பார்த்து, நாங்கள் இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் எழுந்து கை குலுக்கினார். எங்கள் நிறுவனக் காப்பீடு நாளுக்கு 31 யூரோ, நீங்கள்தான் ஏற்கெனவே வேறோர் இடத்தில் எடுத்திருக்கிறீர்களே, வீணாக ஏன் இரண்டு முறை செலவு செய்ய வேண்டும் என்று அவரே கேட்டார். தன் பாட்டியின் ஊர் வரென்னாவுக்குப் பக்கம் என்றும், அங்கே ஏரி மீனை உப்பிட்டு வெயிலில் காயவைத்துச் செய்யும் மிஸ்ஸொல்தீனியைச் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். நம் ஊர்க் கருவாட்டின் தம்பி என்று நான் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். பிணைத்தொகையாக 1,500 யூரோவை அட்டையில் நிறுத்திவைப்பதற்கு இரகசிய எண்ணை அழுத்தியபோது எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. விற்க வேண்டிய பொருளையே வேண்டாம் என்று சொல்லும் மனிதனிடம் எப்படி எழும்?

கார் நின்ற இடம் கட்டடத்தின் அடித்தளம். விளக்கு மங்கல், எங்கள் வரிசைக்கு மேலிருந்த குழல்விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் நீட்டிய தாளில் காரின் படம் வரைந்திருந்தது, அதில் ஒரு சேதமும் குறிக்கப்படவில்லை. இடப்பக்கக் கதவில் மெல்லிய கீறல் ஒன்றை நான் காட்டியதும், நாணயத்தைவிடச் சிறிய கீறல்களை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, கவலை வேண்டாம் என்று தோளில் தட்டினார். நான் கைப்பேசியில் நான்கு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்தேன். அப்போது மனைவி, "என்னங்க, சக்கரத்தையும் அடியிலயும் ஒரு படம் எடுத்து வெச்சுக்கோங்க" என்றாள். "அந்தப் பையன் இவ்வளவு அன்பாப் பேசறான், அவன் முன்னாடியே குனிஞ்சு குனிஞ்சு படம் எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று சொன்னது நான்தான். அந்த வாக்கியத்தின் விலை 1,240 யூரோ. ஒன்பது நாளாக அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றுகிறது.

காரை நாங்கள் எப்படி ஓட்டினோம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கரடுமுரடாக ஓட்டியிருப்பீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம். கோமோவிலிருந்து பெல்லாஜியோவுக்குப் போகும் ஏரிக்கரைச் சாலை உண்மையிலேயே குறுகலானது. ஒரு பக்கம் கல்சுவர், இன்னொரு பக்கம் ஏரி, எதிரே பேருந்து வந்தால் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நான் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை, பின்னால் வந்த உள்ளூர்க்காரர்கள் ஒலிப்பான் அடித்தே ஓய்ந்தார்கள். பெல்லாஜியோவிலிருந்து வரென்னாவுக்குக் காரைப் படகில் ஏற்றிக் கடந்தோம். கடற்கரைப் பக்கம் போன பிறகு கார் ஓடியதைவிட நின்றதே அதிகம். கமோலியில் இருந்த நாள் முழுவதும் காரைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, சாலையே இல்லாத சான் ஃப்ருத்துவோசோ மடாலயத்துக்குப் படகில் போனோம். சிங்க்வே தெர்ரே என்னும் அந்த ஐந்து ஊர்களிலும், மான்டெரோஸோ தொடங்கி வெர்னாஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே வரை, வெளியூர்க் காரை உள்ளே கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும் என்பதால், காரை லெவாந்தோவில் கட்டணக் காப்பகத்தில் நிறுத்திவிட்டு இரண்டு நாளும் ரயிலில்தான் சுற்றினோம். அந்தக் காப்பகச் சீட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஏழு நாளில் மொத்தம் ஓடியது 728 கிலோமீட்டர், மண்சாலையில் ஒரு மீட்டர்கூட இல்லை.

திரும்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை, விமானம் விடியற்காலை 6.40க்கு. கவுண்டர் ஏழு மணிக்குத்தான் திறக்கும். அப்படியானால் சாவியைச் சுவரில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அந்த இளைஞர் முதல் நாளே சொல்லியிருந்தார். காலை நாலேமுக்காலுக்குக் காரை நிறுத்தினோம். எரிபொருள் நிரப்பிக் கொடுத்ததற்குச் சான்றாக இருக்கட்டும் என்று மனைவி முகப்புப் பலகையை ஒரு படம் எடுத்தாள். எரிபொருள் முள் முழுமையில், ஓடிய தூரம் 18,412. சாவி பெட்டிக்குள் விழுந்த சத்தத்தோடு எங்கள் பயணம் முடிந்தது என்று நினைத்தோம்.

ஆறு நாள் கழித்து வந்தது அறிக்கை. இடப்பக்கப் பின்சக்கர வளையத்தில் உராய்வு 390 யூரோ, அடிப்பாகக் காப்புத் தகடு உடைந்தது 640 யூரோ, கார் ஓடாமல் நின்ற நாள்களுக்கு 130 யூரோ, கோப்பு நடவடிக்கைக் கட்டணம் 80 யூரோ, ஆக 1,240 யூரோ. எங்களிடம் கேட்கவில்லை, பிணைத்தொகையிலிருந்து நேராக எடுத்துக்கொண்டார்கள். மீதி 260 யூரோவை விடுவித்திருக்கிறோம் என்று ஏதோ தானம் கொடுத்ததைப் போல ஒரு வரி வேறு. இணைப்பில் மூன்று படங்கள். சக்கர வளையத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம், கீழே ஈரமான சிமென்ட் தரை.

படங்களை நூறு முறையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். ஆனால் விஷயம் படத்தில் இல்லை, அறிக்கையின் மேல் மூலையில் "கிலோமீட்டர்" என்ற கட்டத்தில் இருந்தது. அங்கே அச்சாகியிருந்த எண் 18,633. நாங்கள் விட்ட காரைவிட 221 கிலோமீட்டர் அதிகம். அதாவது நாங்கள் விமானத்தில் ஏறிய பிறகு வேறு யாரோ அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் சக்கரத்தையும் அடியையும் பார்த்து எங்கள் தலையில் எழுதியிருக்கிறார்கள். சான்று கையில் இருக்கிறது, இனி அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். என் அப்பாவித்தனத்தை என்னவென்று சொல்ல!

வாடகை நிறுவனம் முதலில் நான்கு நாள் பதிலே அனுப்பவில்லை. பிறகு ஒரு பெண்மணி, கிலோமீட்டர் எண் கணினியில் தானாகப் பதிவாவது, அதில் சிறு வேறுபாடு வரக்கூடும் என்று எழுதினார். 221 கிலோமீட்டர் சிறு வேறுபாடா என்று கேட்டதற்கு அடுத்த நாள் வேறொருவர், உங்கள் படம் எந்தக் காரில் எடுக்கப்பட்டது என்று எங்களால் உறுதிசெய்ய இயலாது என்றார். எங்கள் படத்தில் பதிவெண் இல்லைதான், முகப்புப் பலகையில் எந்தக் காரின் பதிவெண் தெரியும்? தொலைபேசியில் பேசியபோது, எழுத்தில் அனுப்புங்கள் என்றார்கள். எழுத்தில் அனுப்பியபோது, கிளையைத் தொலைபேசியில் தொடர்புகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அந்த அன்பான இளைஞரைப் பற்றிக் கேட்டேன், அவர் இப்போது இந்தக் கிளையில் இல்லையாம்.

இடைத்தரகு வலைத்தளத்தின் பதில் இன்னும் அழகு. நாங்கள் பதிவு மட்டுமே செய்து தருகிறோம், சேத விவகாரத்தை வாடகை நிறுவனத்தோடு பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியானால் 63 யூரோவுக்கு வாங்கிய முழுப் பாதுகாப்பு எதற்கு என்றேன். இருபத்து மூன்று பக்க ஆவணம் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அதன் பதினேழாம் பக்கத்தில், சக்கரம், டயர், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை காப்பீட்டில் அடங்கா என்று இருக்கிறது. கார் ஒன்றில் அடிபடக்கூடிய இடங்களையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது இருக்கைதான். அதோடு, காரைத் திருப்பிக் கொடுக்கும்போது இரு தரப்பும் கையொப்பமிட்ட சேத அறிக்கையும் வேண்டுமாம். விடியற்காலை நாலேமுக்காலுக்குப் பூட்டிய கவுண்டர் முன்னால் நான் யாரிடம் கையொப்பம் வாங்கியிருக்க வேண்டும்?

ஐரோப்பிய நுகர்வோர் மையங்களின் வலையமைப்புக்குப் போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது ஐரோப்பிய ஒன்றியத்திலும் நார்வே, ஐஸ்லாந்திலும் வசிப்பவர்களுக்கு மட்டுமே உதவும். நம் வங்கியோ, நீங்கள் இரகசிய எண்ணை அழுத்தி, பின்னால் வரும் கட்டணங்களுக்கும் ஒப்புதல் தரும் தாளில் கையொப்பமிட்டிருக்கிறீர்கள், ஆகவே இதை அனுமதியற்ற பரிவர்த்தனை என்று சொல்ல முடியாது என்றது. மேலாளரிடம் சண்டை போட்ட பிறகுதான், பெறாத சேவைக்கான கட்டணம் என்ற பிரிவில் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோமோவின் மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள், வெளியார் வண்டி நுழையக் கூடாத பகுதியில், முதல் நாள் நான் தெரியாமல் திரும்பிவிட்டேன். அதற்கான அபராதம் இன்னும் வரவில்லை. வெளிநாட்டில் வசிப்போருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அது என் பிழை, வந்தால் கட்டுவேன். ஆனால் நான் உடைக்காத தகட்டுக்கும் உரசாத சக்கரத்துக்கும் 1,240 யூரோ கட்டியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனிப் போகிறவர்களுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். காரை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு சக்கரம், அடிப்பாகம், கூரை, பதிவெண், முகப்புப் பலகை எல்லாம் ஒரே காணொளியில், வெட்டாமல், தொடர்ச்சியாக வரும்படி எடுங்கள். பதிவெண்ணில் தொடங்கி முகப்புப் பலகையில் முடியுங்கள், அது எந்தக் காரோ என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அடித்தளம் இருட்டாக இருந்தால் காரை வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். கவுண்டர் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் காரைத் திருப்பிக் கொடுங்கள், அதற்காக விமானத்தை மாற்ற வேண்டியிருந்தாலும் மாற்றுங்கள். காப்பீட்டில் எவையெல்லாம் அடங்காது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். கவுண்டரில் பேசுகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் முன்னாலேயே குனிந்து படம் எடுங்கள்.

மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். வங்கிக்குத் தர வேண்டிய ஆவணங்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், லெவாந்தோ காப்பகச் சீட்டுகளை இன்னும் நகலெடுக்கவில்லை.