கராஜ்பேண்டில் கார்ட் பதிவு: தயவுசெய்து வயர் ஹெட்போன் வாங்குங்கள்

மகளுக்காக, இசை வாசித்துப் பதியும் ஆப்பிள் செயலியான கராஜ்பேண்டை இறக்கிக் கொடுக்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். நான் அதை ஐபேடில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். வசதிகளின் பட்டியல் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் மனதாரப் பாராட்டிவிட வேண்டும். 2011இல் ஐபேடுக்கு வந்தபோது காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த செயலி இது; 2017 முதல் எல்லோருக்கும் இலவசம். அதிலுள்ள ஸ்மார்ட் கிட்டார் என்ற கருவியைத் திறந்தால் கார்ட்கள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள், பட்டைகளாக வரிசையில் நிற்கின்றன. சி, ஏ மைனர், எஃப், ஜி. விரலால் வருடினால் போதும், கிட்டார் மீட்டத் தெரியாதவருக்கும் கார்ட் முழுதாக ஒலிக்கும். டெம்போ 90 (நிமிடத்துக்கு 90 தட்டு), கார்டுக்கு ஒரு பார் (நான்கு தட்டு) என்று வைத்தால் நான்கும் பதினோரு விநாடிக்குள் பதிவாகிவிடும். என் தங்கை ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவள். பாடல் அமைப்பில் கீயை (சுருதியை) அதற்கு ஈடான ஜிக்கு மாற்றினால் பதிவான கார்ட்களும் கூடவே மாறிக்கொள்கின்றன, மறுபடி வாசிக்க வேண்டியதே இல்லை. இதை முதலில் கண்டபோது உண்டான மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். புளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு அதே நான்கு கார்ட்களை வாசித்துப் பாருங்கள். பட்டையைத் தொட்டு, சற்றுப் பொறுத்துத்தான் ஒலி வரும். ஒலியைச் சுருக்கி அனுப்பி, இயர்போன் அதை வாங்கி விரித்து ஒலிப்பதற்குள் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி விநாடி போய்விடுகிறது. டெம்போ 90 என்றால் ஒரு தட்டுக்கே 667 மில்லி விநாடிதான். அதில் கால் பங்கு போனால் தாளம் எங்கே நிற்கும்? தாமதத்தை ஈடுகட்ட விரல் தானாகவே முந்துகிறது, பிறகு தயங்குகிறது. பதிவைப் போட்டுக் கேட்டால் எந்தக் கார்டும் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு சேரவில்லை. ஒலிகளை அருகிலுள்ள தட்டுக்கு நகர்த்தும் குவான்டைஸ் வசதியைப் போட்டு நேராக்கலாம் என்பார்கள். வெகுதூரம் தள்ளி விழுந்த கார்டை அது பக்கத்துத் தட்டில் கொண்டுபோய் ஒட்டிவிடும்.

படம் பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரிவதில்லை. காட்சியையும் அதே அளவு தாமதித்துக் காட்டிவிடுகிறார்கள். தொடப்போகும் விரலை யார் தாமதிக்க முடியும்? ஆகவே இதில் செயலியைக் குறை சொல்வது நியாயமில்லை. என் கோபமெல்லாம் இயர்போன் விற்பவர்கள் மேல். பேட்டரி எத்தனை மணி நேரம், பேஸ் எவ்வளவு ஆழம் என்று பெட்டி முழுக்க அச்சடிக்கிறவர்கள் தாமதத்தைப் பற்றி ஒரு வரி போடுவதில்லை. விலை கூடியதை வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கினேன், சரியாகவில்லை.

சரிசெய்தது ஒரு சாதாரண வயர் ஹெட்போன். புதிய ஐபேடில் 3.5 மி.மீ. துளை கிடையாது, அதனால் டைப்-சி அடாப்டரும் வேண்டும். மாட்டியவுடன் தொட்ட கணமே ஒலி வந்தது. பதிவு முடிந்தபின் கேட்பதற்கு மட்டும் புளூடூத் போதும். அப்போது எல்லாமே ஒரே அளவு தாமதித்து வருவதால் வித்தியாசம் தெரியாது.

செயலியை நான் கைவிடப் போவதில்லை. ஆனால் நண்பர் வீட்டில் இருப்பது புளூடூத் மட்டும்தான், வயரெல்லாம் தொல்லை என்கிறார். பிள்ளைக்கோ இப்போதுதான் தாளம் பிடிபடுகிறது. அதனால் கராஜ்பேண்ட் இப்போதைக்கு வேண்டாம், நல்ல நிலையில் ஒரு பழைய கீபோர்ட் தேடுங்கள் என்று பதில் அனுப்பிவிட்டேன்.